தொழில் தந்த தொய்வு: இரசாயனத்தை மறக்காத நுரையீரல்

எல்கடுவையில் மழைக்கால இரவுகளில் இருமல் சத்தம் கேட்பது புதினமல்ல. ஹுன்னஸ்கிரிய மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கினால் எட்டு மணிக்கே கடைத்தெரு அடங்கிவிடும். யாருக்காவது நெஞ்சு இழுத்தால், "எங்கட ஊர்க் குளிர்தானே" என்று சொல்லிக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கக் கொடுப்போம். என் ராத்தாவின் மகனுக்கு இழுக்கத் தொடங்கியபோதும் குளிரின் மேல்தான் பழியைப் போட்டோம். பிழை குளிரில் இல்லை என்பதை அறிய எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்துக்கு அவன் கொடுத்த விலையை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். சாதாரண தர வகுப்புக்கு நிர்ப்பீடனம் என்ற பாடத்தை எத்தனை தடவை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. பிறபொருள், பிறபொருளெதிரி, வெண்குருதிக் கலம் என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவன். அந்தப் பாடம் என் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தபோது எனக்கு அது விளங்கவில்லை.

மருமகன் மாத்தளைப் பக்கம் ஒரு கராஜில் வேலை பழகினான். டின்கரிங்கில் தொடங்கி, கை நல்லது என்று கண்டு, பெயின்ட் அடிக்க வைத்தார்கள். இரண்டு வருடத்தில் எல்லாரும் அவனைப் "பெயின்ட் பாஸ்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அந்த இரண்டு வருடமும் அவனுக்கு ஒரு தடிமன்கூட வந்ததாக ஞாபகம் இல்லை. மூன்றாம் வருடம்தான் இரவு இருமல் தொடங்கியது. பிறகு இழுப்பு. ஒருநாள் என்னிடம் வந்து கேட்டான்.

"மாமா, பெயின்ட் அடிக்கிற நாளையில ராவைக்கித்தான் இழுக்குது. பகல்ல ஒண்டுமில்ல. வேலைய விடவா?"

நான் சொன்ன பதிலை இன்றுவரை மறக்க முடியவில்லை. "தூசி இல்லாத வேல எது மகன்? ஈர லேஞ்சி ஒண்டக் கட்டிக்கிட்டு அடிங்க. கைத்தொழில விட்டுடாதீங்க." பகலில் ஒன்றும் இல்லையென்றால் வேலை எப்படிக் காரணமாகும் என்று என் புத்தி சொல்லியது. அவன் சொன்ன வாக்கியத்திலேயே விடை இருந்தது. நான்தான் அதைக் கேட்கவில்லை.

அடுத்த வருட நோன்பின் கடைசிப் பத்தில் அவன் ஊர்ப் பள்ளிவாசலில் இஃதிகாப் இருந்தான். பத்து இரவும் பம்பைத் தொடவே இல்லை. அந்த இரவுகளிலும் மலையில் குளிர் குறைவாக இருக்கவில்லை. "இஃதிகாபுட பறக்கத்" என்று ராத்தா கண்கலங்கினாள். நானும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். பெருநாள் முடிந்து கராஜுக்குப் போன நான்காம் நாள் இரவு இரண்டரை மணிக்கு, உதடு நீலம்பாரித்த பிள்ளையை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அதற்கு முன் இரண்டு மூன்று இடங்களில் மருந்து எடுத்திருந்தோம். என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இந்தத் தடவை நெஞ்சு நோய்க் கிளினிக்கில் இருந்த வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் முன்பே மூன்று கேள்வி கேட்டார். என்ன வேலை? லீவு நாளில் எப்படி இருக்கிறது? பெயின்டோடு கலக்கிற ஹார்ட்னர் டின்னைக் கொண்டுவர முடியுமா?

பத்து நாள் இஃதிகாப் கதையைச் சொன்னதும் அவர் தலையாட்டினார். "அதுதான் நீங்கள் கொண்டுவந்த மிக நல்ல ரிப்போர்ட்" என்றார்.

பழைய கேள்வி

"என்ன வேலை செய்கிறாய்?" என்ற கேள்விக்கு முந்நூறு வயதுக்கு மேல். இத்தாலியின் மொதெனாவில் வைத்தியராக இருந்த பெர்னார்தினோ ரமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு அவருடைய தொழிலையும் கேட்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். தானியம் புடைப்போர், மா அரைப்போர், கல் உடைப்போர் என்று ஒவ்வொரு தொழிலாளியின் மூச்சையும் கவனித்து எழுதியவர் அவர்.

அதற்கும் முன்னால், இப்போது நாம் ஒவ்வாமை என்று சொல்வதை நம் முன்னோர்களில் ஒருவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அபூபக்ர் அர்-ராஸி, அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கிக்கு ஏன் வசந்த காலத்தில் ரோஜா மணத்தால் மூக்கு ஒழுகுகிறது என்று விளக்கித் தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். ஊரெல்லாம் ரோஜாவை முகர்கிறது. ஒரு மனிதருக்கு மட்டும் அது வருத்தமாகிறது. இந்த வேறுபாட்டை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டதுதான் முக்கியம். "ஒவ்வாமை" என்ற கருத்துக்கு ஐரோப்பாவில் பெயர் சூட்டப்பட்டது 1906இல்தான். சூட்டியவர் வியன்னாவின் கிளெமென்ஸ் வொன் பிர்கே.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவர் இருந்தார். நெஞ்சு நோய் நிபுணர் சி. ஜி. உரகொட. தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கருக்கு வந்த ஆஸ்துமாவைப் பற்றி அவர் 1970இலேயே மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். காய்ந்த தேயிலையைச் சலிக்கும்போது கொழுந்தின் மேலுள்ள மெல்லிய மயிர் பஞ்சாகப் பறக்கும். தோட்டத்து ஸ்டோருக்குள் போனவர்களுக்கு அந்தப் பஞ்சு தெரியும். உத்திரத்திலும் ஜன்னல் சட்டத்திலும் பழுப்பு நிறத்தில் படிந்திருக்கும்.

அதை வாசித்தபோது எனக்கு என் சாச்சாவின் ஞாபகம் வந்தது. அவர் சலிக்கிற அறையில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டுப் பாடுவார்; செவ்வாய்க்கிழமை ஆனால் படியேறி வந்து திண்ணையில் குந்தி மூச்சு வாங்குவார். "ஞாயிறு எண்டா நெஞ்சுக்கும் லீவுதான்" என்று பகிடி விடுவார். அந்தப் பகிடியிலும் நோயின் அடையாளம் இருந்தது. கேட்க ஆள் இருக்கவில்லை. 1990களில் ஜப்பானிய வைத்தியர்கள் பச்சைத் தேயிலைத் தொழிலாளர்களுக்கு வரும் ஆஸ்துமாவை ஆராய்ந்தபோது, இலையில் உள்ள கட்டெச்சின் வகை இரசாயனம் ஒன்றே முக்கிய காரணம் என்று கண்டார்கள். நாம் வெறும் தூசி என்று நினைப்பதற்குள்ளும் ஓர் இரசாயனம் வேலை செய்யலாம்.

காவல்காரன் கற்றுக்கொள்ளும் பாடம்

வேலைத்தலத்து இரசாயனம் நுரையீரலை இரண்டு வழியில் பாதிக்கலாம். முதலாவது நேரடி எரிவு. அமிலப் புகையோ குளோரின் வாயுவோ அதிகமாக ஏறினால் யாருடைய சுவாசக் குழாயும் புண்ணாகும். அளவு கூடினால் பாதிப்பும் கூடும். காரணமும் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, உடம்பின் நிர்ப்பீடனம் அந்த இரசாயனத்தை எதிரி என்று கற்றுக்கொள்வது. என் மருமகனுக்கு நடந்தது இதுதான்.

ஹார்ட்னர் டின்னின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டு வாசித்தேன்: ஹெக்ஸாமெத்திலீன் டைஐசோசயனேட். கார்ப் பெயின்ட் மினுங்குவதும் கல்லுப்போல இறுகுவதும் இந்த ஐசோசயனேட் குடும்பத்தால்தான். மெத்தை ஃபோம், சில வகைப் பசை, வார்னிஷ் ஆகியவற்றிலும் இதே குடும்பம் உண்டு. இதன் ஒரு முனை மற்ற மூலக்கூறுகளைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் குணமுடையது. பெயின்ட்டில் அது பிசினைப் பிடிக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் நம் புரதங்களைப் பிடிக்கிறது.

இங்கேதான் சிக்கல். ஐசோசயனேட் மூலக்கூறு மிகச் சிறியது. தனியாக வந்தால் நிர்ப்பீடனத் தொகுதி அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் அது நுரையீரலில் உள்ள அல்புமின் போன்ற நம் சொந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால், அந்தப் புரதத்தின் உருவம் மாறிவிடுகிறது. வீட்டுப் பிள்ளை யாரோ ஒருவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் காவல்காரனுக்கு அடையாளம் தெரியாது, அது போல. சுவாசக் குழாயின் சுவரில் காத்திருக்கும் சில கலங்கள் இந்த அந்நிய உருவத்தை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே டி-கலங்களுக்கு அதைக் காட்டுகின்றன. பொருந்தும் டி-கலம் பெருகுகிறது. அதில் ஒரு பகுதி வருடக்கணக்கில் அந்த உருவத்தை நினைவில் வைத்திருக்கிறது.

இந்தப் படிப்பு நடக்கும் காலத்தில் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. சில கிழமைகளும் ஆகலாம், சில வருடங்களும் ஆகலாம். மருமகன் ஒரு தடிமன்கூட இல்லாமல் வேலை செய்த அந்த இரண்டு வருடமும் அவனுடைய உடம்பு இதைத்தான் பாடமாக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "ரெண்டு வருஷமா இதே பெயின்ட்தானே, இப்ப மட்டும் எப்பிடி?" என்று கராஜில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விடை, பெயின்ட் மாறவில்லை, ஆளின் உடம்பு மாறிவிட்டது என்பது.

கற்றுக்கொண்ட பிறகு நடப்பது வேறு. மிகச் சிறிய அளவு போனாலும் டி-கலங்கள் சைகை இரசாயனங்களை விடுகின்றன. இயோசினோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் சுவாசக் குழாய்ச் சுவருக்குள் திரளுகின்றன. சுவர் வீங்குகிறது, சளி ஊறுகிறது, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. மூச்சை வெளியே விட வழி ஒடுங்குகிறது. நாம் கேட்கும் "விசில்" சத்தம் அந்த ஒடுங்கிய வழியால் காற்று வரும் சத்தம்.

சிலருடைய இரத்தத்தில் இதற்கென்றே ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியும் உருவாகும். 1966இல் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்த இந்தப் பிறபொருளெதிரிதான் கணவாயோ இறாலோ சாப்பிட்டவுடன் சிலருக்குத் தடித்துப் போவதற்கும் காரணம். ஆனால் ஐசோசயனேட் ஆஸ்துமாக்காரர்களில் சிறுபான்மையினரிடம்தான் இந்த ஐஜிஈ காணப்படுகிறது. மற்றவர்களில் டி-கலங்களும் வேறு வழிகளும் வேலை செய்கின்றன. அந்த வழிகள் முழுவதும் அவிழ்க்கப்படாத முடிச்சாகவே இருக்கின்றன. ஆகவே "இரத்தம் சோதித்தோம், அலர்ஜி இல்லை" என்ற துண்டை வைத்து வேலை காரணமில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்று, இந்தப் பாடம் தோல் வழியாகவும் தொடங்கலாம். கையில் பட்ட ஹார்ட்னரைத் தின்னரால் துடைத்துவிட்டுப் போவது கராஜில் வழக்கம். தோலில் படுவதும் நிர்ப்பீடனத்தைப் பழக்கிவிட்டு, பிறகு நுரையீரல் எதிர்க்கக் கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஏன் இரவில்? ஏன் அவனுக்கு மட்டும்?

என்னை ஏமாற்றியது இரவுதான். நெருப்பில் கைவைத்தால் உடனே சுடும். ஆகவே நோயும் உடனே வர வேண்டும் என்று நினைத்தேன். இரசாயனத்துக்கு எதிராகக் கலங்கள் திரண்டு வர நேரம் எடுக்கிறது. பெயின்ட் அடித்து நான்கு மணி முதல் எட்டு மணி நேரம் கழித்துத்தான் பலருக்கு இழுப்பு உச்சத்துக்கு வரும். பின்னேரம் மூன்று மணிக்கு அடித்த பெயின்ட், இரவு பத்து மணிக்கு எல்கடுவையில் வந்து கதவைத் தட்டியது. நாங்கள் மூட்டத்தைக் குற்றம் சொன்னோம்.

பத்து நாள் விலகியிருந்ததும் வீக்கம் தணிந்தது. இஃதிகாபின் பறக்கத் என்று ராத்தா சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்தப் பத்து நாள் அவனுக்கு ஓய்வையும் தந்தது, நோயின் காரணத்தையும் காட்டித் தந்தது. அதை வாசிக்கத் தெரியாமல் போனது எங்கள் குறை.

அதே கராஜில் வேலை செய்யும் மற்ற மூவருக்கும் ஒன்றும் இல்லை. ஐசோசயனேட்டோடு வேலை செய்வோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்த ஆஸ்துமா வரலாம் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. பரம்பரையில் தொய்வு இருக்க வேண்டும் என்பதில்லை. சில மரபணுக்கள் இருப்போருக்கு வாய்ப்புக் கூடும் என்று சில ஆய்வுகள் சொன்னாலும், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை கிடையாது. ஆகவே "அவனுக்கு நெஞ்சு பலமில்ல" என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. அந்தப் பேச்சுத்தான் பல இளைஞர்களை வருத்தத்தை மறைக்க வைக்கிறது.

போபாலும் கராஜும்

டின்னில் அந்தச் சொல்லை வாசித்தபோது எனக்கு 1984 நினைவுக்கு வந்தது. அவ்வருடம் டிசம்பர் 2ஆம் திகதி இரவு போபாலில் யூனியன் கார்பைட் தொழிற்சாலையிலிருந்து கசிந்ததும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்: மீதைல் ஐசோசயனேட். ஏறக்குறைய 40 தொன். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், தப்பியவர்களில் பலருக்கு நுரையீரலும் கண்ணும் நிரந்தரமாகப் பழுதடைந்தன.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. போபாலில் நடந்தது பெரும்பாலும் நேரடி எரிவு. இரசாயனம் சுவாசக் குழாயின் உட்படையையே அழித்தது. ஆனாலும் நிர்ப்பீடனம் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பாதிக்கப்பட்ட சிலரின் இரத்தத்தில் மீதைல் ஐசோசயனேட் ஒட்டிய புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்ததையும், அவை குறைந்த அளவில் இருந்து பிறகு தணிந்ததையும் 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரே ஓர் இரவு பட்டதைக்கூட உடம்பு பதிந்து வைத்தது. அப்படியானால் வருடக்கணக்கில் கிழமைக்கு ஐந்து நாள் படுவதை எப்படிப் பதிந்து வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போபாலை உலகம் பார்த்தது. கராஜில் நடப்பது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனித்தனியாக, இரவில் நடக்கிறது.

வாசனைச் சரக்கின் மாவட்டம்

மாத்தளை என்றால் மிளகு, ஏலம், கராம்பு, கறுவா. நம் சமூகத்தில் எத்தனை குடும்பம் இந்தச் சரக்கைக் காய வைத்து, தரம் பிரித்து, அரைத்து, ஏற்றி அனுப்பி வாழ்கிறது என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் உரகொடவின் இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும்.

ஏற்றுமதிக்காகக் கறுவா பதப்படுத்தும் 40 தொழிலாளரை அவர் சோதித்து 1984இல் முடிவை வெளியிட்டார். 35 பேருக்கு வேலையோடு தொடர்புள்ள ஏதாவதொரு குணங்குறி இருந்தது. ஒன்பது பேருக்கு ஆஸ்துமா. பாதிப் பேருக்குத் தோல் அரிப்பு. கறுவாவுக்கு மணம் தருவது சின்னமால்டிகைட் என்ற இரசாயனம். அது தோலுக்கு ஒவ்வாமை உண்டாக்கும் பொருள் என்பது நன்கு தெரிந்த விஷயம். கறுவாவைப் பூஞ்சணமும் பூச்சியும் பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை போடுவதும் உண்டு. அந்தப் புகை, ஏற்கெனவே சுவாசக் குழாய் வீங்கிய ஒருவரின் மூச்சை உடனே இறுக்கிவிடும்.

சரக்கு ஸ்டோரில் கழுத்துச் சால்வையை வாயில் பொத்திக்கொண்டு கொச்சிக்காயும் கறுவாவும் புடைக்கும் பெண்களில் எத்தனை பேர் "வீசிங்" என்று மருந்து எடுக்கிறார்கள்? அவர்களிடம் யாராவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்களா?

என்ன செய்யலாம்?

முதலில், ஒரு கொப்பி. வளர்ந்த ஒருவருக்குப் புதிதாக இருமலோ இழுப்போ வந்தால், அல்லது சிறுவயதில் ஓய்ந்த தொய்வு திரும்பி வந்தால், நாள் திகதியோடு எழுதுங்கள். வேலை நாளா, லீவு நாளா. என்ன பொருளோடு வேலை. இரவு எப்படி இருந்தது. பெருநாள் லீவு, நீண்ட போயா விடுமுறை, இஃதிகாப் எல்லாம் இதில் நல்ல சாட்சி. வைத்தியர் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு ஊதுகருவியைப் பரிந்துரைக்கலாம். ஒரு நாளைக்கு நான்கு தடவை, மூன்று நான்கு கிழமை ஊதி எழுதினால், வேலை நாளில் இறங்கி லீவில் ஏறும் கோடு கண்முன்னே தெரியும். வைத்தியர் கேட்காவிட்டாலும், "நான் இன்ன வேலை செய்கிறேன்" என்று நாமாகவே முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, காலம். நிர்ப்பீடனம் ஒரு தடவை கற்றுக்கொண்டால் அதை மறக்கச் செய்யும் மருந்து இல்லை. பம்ப் வீக்கத்தைத் தணிக்கும், பாடத்தை அழிக்காது. அந்த இரசாயனத்திலிருந்து விலகுவதுதான் சிகிச்சை. குணங்குறி தொடங்கிய சில மாதங்களுக்குள் விலகியவர்களுக்குக் குணமாகும் வாய்ப்புக் கூடுதல். வருடக்கணக்கில் பம்பை இழுத்துக்கொண்டே வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு, வேலையை விட்ட பிறகும் தொய்வு தொடர்கிறது. ஆனால் அவசரத்தில் மருந்தையும் வேலையையும் தாமாகவே நிறுத்தக் கூடாது. காரணத்தை உறுதிப்படுத்தும் சோதனைகள் முடியும்வரை வைத்தியரோடு பேசிச் செய்ய வேண்டும். தடுப்பு இன்ஹேலர் எடுப்போர் நோன்பு காலத்தில் அதை நிறுத்திவிடாமல், ஸஹருக்கும் இப்தாருக்கும் பிரித்து எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

மூன்றாவது, தடுப்பு. ஈர லேஞ்சி ஒரு பாதுகாப்பும் இல்லை. சாதாரண முகமூடியும் ஐசோசயனேட் ஆவியை நிறுத்தாது. மணத்தை வைத்து அளக்கவும் முடியாது. மூக்கில் ஏறுவது தின்னர் மணம், ஐசோசயனேட் மணக்கும் அளவுக்கு வரும்போது அது எல்லையைத் தாண்டிவிட்டிருக்கும். பிரித்தானியாவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை, ஒரு கன மீற்றர் காற்றில் 0.02 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஓகஸ்ட் முதல், பயிற்சி பெறாதவர் தொழில்முறையில் டைஐசோசயனேட்டைக் கையாளக் கூடாது. பெயின்ட் அடிக்கத் தனி அறை, காற்றை வெளியே இழுக்கும் விசிறி, வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் தலைமூடி, இவைதான் சரியான ஏற்பாடு. இன்னொரு விஷயம்: முகத்தோடு இறுக்கி ஒட்டும் முகமூடி தாடியின் மேல் சரியாகப் பொருந்தாது, இடைவெளியால் காற்று புகும். தாடி வைத்தவர்களுக்குத் தலையை முழுவதும் மூடும், காற்று ஊட்டப்படும் வகைதான் ஏற்றது. அடித்து முடிந்ததும் மூடியை உயர்த்தி "நிறம் சரியா" என்று பார்ப்பதும் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத பனுக்கம் அறையில் இன்னும் நிற்கும்.

நான்காவது, நம் பொறுப்பு. 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் காற்றோட்டத்தையும் தூசி, புகை அகற்றலையும் முதலாளியின் கடமையாக்குகிறது. 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் விபத்தோடு சில தொழில் நோய்களையும் கவனத்தில் எடுக்கிறது. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தக் கராஜ்களும் சரக்கு ஸ்டோர்களும் பெரும்பாலும் நம்மவர்களுடையவை. அங்கே வேலை செய்வதும் நம் பிள்ளைகளும் அயலவர்களின் பிள்ளைகளும்தான். ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளில், வேலைக்காரரின் மூச்சுக்கு என்ன செலவழித்தோம் என்றும் ஒரு வரி எழுதிப் பார்க்கலாம். மருமகனின் முதலாளி கெட்டவர் அல்ல. இஃதிகாபுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தவர் அவர். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகு அவர் பெயின்ட் அடிக்கும் இடத்தைத் தனியாக்கி, பெரிய விசிறி இரண்டும் போட்டார். காற்றுக் குழாய் உள்ள மூடி வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் வாங்கவில்லை.

மருமகன் இப்போது வாகன வயரிங் வேலை பழகியிருக்கிறான். பெயின்ட் பாஸுக்குக் கிடைத்த சம்பளத்தில் பாதிதான். இரவுகள் முன்னரைவிட நல்லம். ஆனாலும் காலை மாலை பம்ப் வேண்டும். போன மாதம் இருவரும் பஸ்ஸில் மாத்தளைக்குப் போனோம். வழியில் எங்கோ ஒரு கதவுக்கு யாரோ ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவன் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டுச் சட்டைப் பையில் கையை வைத்தான்.

"மாமா, அந்த நேரமே விட்டிருந்தா..." என்று தொடங்கினான். பிறகு, "சரி, உங்களுக்கும் தெரியாதுதானே" என்றான்.

இந்த இதழை வாசிக்கும் உங்களுக்கு இப்போது தெரியும். இன்றிரவு உங்கள் வீட்டில் யாராவது இருமினால் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். கொடுக்கும்போது, இன்றைக்கு எந்தப் பொருளோடு வேலை செய்தாய் என்றும் கேளுங்கள்.